துண்டுப்பிரசுரத்தின் மறுபக்கம்

எருக்கலம்பிட்டியிலிருந்து தங்கை மகள் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, கம்பஸில மாணவர் சங்கத்துக்கு வரச் சொல்றாங்க. சேரவா, வேணாமா? உம்மா வேணாமெண்டே நிக்கிறா."

தங்கையின் பயம் வீண் பயமல்ல. அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே 2022 ஆகஸ்டில் கைதாகி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்களுக்கும் மேலாக அடைபட்டுக் கிடந்ததை அவளும் தொலைக்காட்சியில் பார்த்தவள்தான்.

எனக்கோ பழைய துண்டுப்பிரசுரம் ஒன்று நினைவுக்கு வந்தது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மன்னார்த் தீவிலிருந்து கடல்வழியே கற்பிட்டிக் கரைக்கு வந்தோம். புத்தளத்து ஓலைக் கொட்டிலில் குப்பி விளக்கில் படித்து, தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானேன்.

உதவிப்பண விண்ணப்பத்தில் 'நிரந்தர முகவரி' என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. ஊர் வீட்டுக்குக் கூரையும் இல்லை, ஆட்களும் இல்லை. முகாம் முகவரியை எழுதினேன். தற்காலிக முகவரி செல்லாது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. பீடச் சங்கத்திலிருந்த சிங்கள மாணவர் ஒருவர் என் கையைப் பிடித்து அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். "மல்லி, தனியப் போனா திருப்பி அனுப்புவாங்க. சங்கமாப் போனா இருத்தி வைச்சுக் கேப்பாங்க" என்றார். அப்படியே நடந்தது.

அந்த நன்றிக்காகச் சங்கத்தின் துண்டுப்பிரசுரங்களைத் தமிழாக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கம் சிங்களம், மறுபக்கம் தமிழ்.

1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர் சங்கங்களுக்கு இடமளிக்கிறது. அந்தச் சங்கங்கள் கூடி அமைத்துக்கொண்டதே நாடளாவிய ஒன்றியம். இலவசக் கல்வி, விடுதி, உதவிப்பணம் என்று அது வீதிக்கு இறங்கியபோதெல்லாம் அரசாங்கங்கள் திரும்பிப் பார்த்திருக்கின்றன. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிரான நீண்ட போராட்டத்தின் பின், அதை ஒழிப்பதாக 2017இல் அரசு அறிவிக்க வேண்டி வந்தது.

ஆனால் ஒருமுறை எங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் முகாம் பிள்ளைகளின் முகவரிப் பிரச்சினையையும் சேர்க்கச் சொன்னேன். "இது பொதுக் கோரிக்கை இல்லையே, இனப்பிரச்சினை எண்டு சொல்லிடுவாங்க" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். தமிழ்ப் பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதை வாசித்திருக்கக் கூடியவர்கள் ஏற்கெனவே அந்த நோவை அறிந்த எங்களைப் போன்ற சிலர்தான். முழு நாட்டு மாணவரின் பெயரில் அச்சான அந்தத் தாளில் நாங்கள் இல்லை. அதைத் தமிழாக்கியவன் நான். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

சங்கம் எங்களை ஒதுக்கியது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வாக்குப் போட்ட நாளோடு நாங்களும் ஒதுங்கித்தான் நின்றோம். கூட்டங்களில் பின்வரிசையில், கதவோரம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற சாட்டோடு.

"சேரு மகள்" என்றேன். "பகிடிவதைக்கு மட்டும் துணை போகாதே. அது 1998ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி குற்றம். கூட்டத்தில முன்வரிசையில இரு. மன்னார்ப் பிள்ளைகளுக்கு என்ன குறை எண்டு எழும்பிச் சொல்லு."

"எனக்குச் சிங்களம் சரியா வராதே, மாமா."

"தமிழிலயே சொல்லு. மொழிபெயர்க்க அவங்க ஆள் தேடட்டும்."