பன்னிரண்டு ஓம்

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் வெள்ளவத்தை ஒழுங்கை ஒன்றில் அந்தத் திருத்தக் கடை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் படியில்தான். படியில் நின்றது நான். என் மேசை விசிறி உள்ளே வயிறு திறந்து கிடந்தது. அதன் செப்பு முனைகளெல்லாம் களிம்பு. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்றுக்குத் தப்பும் சாதனம் குறைவு.

கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சில் ஹற்றன் பக்கம் தெரிந்தது. அவர் முன்னால் ஓர் அம்மாவும் பாடசாலைச் சீருடை மாற்றாத பேரனும். அம்மா பைக்குள்ளிருந்து எடுத்தது பெட்டி கசங்காத புது அயன்.

“மகள் ரொறன்ரோவில இருந்து குடுத்துவிட்டவள், தம்பி. இந்தத் தட்டைப் பிளக்கை வெட்டிப்போட்டு எங்கட சதுரப் பின் ஒண்டு போட்டுத் தாங்கோ.”

அவர் வெட்டுக் குறட்டை எடுக்கவில்லை. அயனைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொடி எழுத்தைப் படித்தார். 120 வோல்ற், 10 அம்பியர்.

“இத அப்படியே குத்தினா எரிஞ்சிடுங்கம்மா.”

“ஏன், கூடக் கரண்ட் இழுக்குமோ?”

2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் அடுத்த பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் ஏறிய நாட்டில், எரியும் என்றாலும் முதலில் இந்தக் கேள்விதான் வரும்.

அவர் பையன் பக்கம் திரும்பினார். “தம்பி எத்தனையாம் வகுப்பு? பதினொண்ணா? அப்ப சொல்லுங்க. நம்ம கரண்ட் 230. இது எத்தன வாட்ஸ் எடுக்கும்?”

“230 தர 10. 2300 வாட்ஸ்.” தயக்கமே இல்லை.

“பத்து அம்பியர் எங்க இருந்து வந்துச்சு?”

“இதில போட்டிருக்கே.”

“அது கனடா கரண்டுல போற பத்து.”

மீற்றரின் இரண்டு முனைகளையும் பிளக்கின் தகடுகளில் வைத்தார். திரையில் ஒன்றும் வரவில்லை. பையன் முகத்தில் சின்ன வெற்றி. அவர் அயனின் வட்டத் திருகியை மெல்லத் திருப்ப, உள்ளே ‘டிக்’ என்றது. 12.1 என்று காட்டியது.

“பன்னெண்டு ஓம். பிளேன்ல ஏறி வந்தது இது மட்டுந்தான். பத்து அம்பியர் அங்கயே நின்னுருச்சு.”

படியில் நின்ற எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை. அழுத்தம், ஓட்டம், தடை மூன்றும் சமன்பாட்டில் சரிசமமாகக் குந்தியிருக்கும். ஆனால் சாதனத்துக்குச் சொந்தமானது தடை ஒன்றுதான். அழுத்தம் மின்சார சபையுடையது. ஓட்டம் இரண்டும் சந்தித்தபின் பிறப்பது. அயன் கம்பி நிக்குரோம் என்பதால் சூடேறினாலும் தடை அதிகம் மாறாது. குளிர்ந்தபடி அளந்ததை நம்பலாம். பழைய இழை பல்ப்பை இப்படி அளந்தால் ஏமாந்துபோவோம். எரியும்போது இருக்கும் தடையில் பத்திலொரு பங்குகூட அதில் காட்டாது.

பையன் அயன் பெட்டியின் மட்டையிலேயே எழுதினான். 120ஐ 10ஆல் பிரிக்க 12. 230ஐ 12ஆல் பிரிக்க 19.2 அம்பியர். அதை 230ஆல் பெருக்கியதும் பேனை நின்றது. 4400 வாட்ஸ். கனடாவில் 1200.

“அழுத்தம் ரெண்டு மடங்கும் இல்லையே, அங்கிள்!”

“அழுத்தம் கூடினா கரண்டும் கூடும்ல? ரெண்டையுந்தான பெருக்குறீங்க.”

அம்மா விடுவதாயில்லை. “வீட்டில ட்ரிப் சுவிச் இருக்குத்தானே. விழுந்திடும்.”

“அது லீக் ஆனாத்தாங்கம்மா விழும். இதுல லீக் எதுவும் இல்ல.”

பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் ஃபியூஸ் பற்றி அவர் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. 19 அம்பியர் போனாலும் அது உடனே எரியாதாம். உண்மைதான். பிரித்தானிய நியமப்படி குறித்த அளவின் 1.6 மடங்கை, அதாவது 20.8 அம்பியரை, அரை மணி நேரமாவது அது தாங்க வேண்டும். 20 அம்பியர் பிரேக்கரும் பேசாமல் இருக்கும். அதற்குள் அயனின் கதை முடிந்துவிடும். அம்மா வெட்டச் சொன்ன தட்டைப் பிளக் ஒன்றுதான் அந்த வீட்டின் உண்மையான காவல்.

அழுத்தத்தை இறக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாம். ஆனால் 1500 வாட்ஸ் தாங்குவது அயனைவிடப் பாரம், அயனைவிட விலை.

திடீரென்று பையன், “அம்மம்மா, கொட்டாஞ்சேனை அம்மம்மாவுக்கும் பெரியம்மா இதே அயன்தானே விட்டவ? ரெண்டையும் தொடராப் போட்டா ஆளுக்கு 115 வோல்ற்!”

கடைக்காரர் முதன்முறையாகச் சிரித்தார். “கணக்கு சரி. 24 ஓம், 9.6 அம்பியர். ஆனா ஒண்ணு சூடாகி டிக்குனா மத்ததும் நின்னுரும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தேய்க்கணும்.”

“நல்ல கதை! ஒரு வீட்டிலயே அவளுக்கும் எனக்கும் சரிவரேல்லை. ஒரு வயரிலயோ?”

அயன் திரும்பப் பெட்டிக்குள் போனது. கனடாவுக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று முடிவு. தட்டிலிருந்து இன்னொரு பெட்டியை அவர் இறக்கினார். 230 வோல்ற், 1000 வாட்ஸ். பையன் மட்டையில் மூலை தேடி எழுதினான். ஓட்டம் 4.35, தடை 52.9.

“அளந்து பாருங்கோ, அங்கிள்.”

மீற்றர் 53 காட்டியது. அம்மா விலை பேசத் தொடங்கினார்.