ஆறு உறைந்தால்தான் அக்கரை

"இன்னும் வெயில் அடிக்கிறதே, எப்படிம்மா தூங்கறது?" என்று சிணுங்கினாள் என் பெண். மணி இரவு பதினொன்று! கனடாவின் வடமேற்குக் கோடியில், யூக்கான் நதிக்கரையிலுள்ள டாசன் ஸிடியில் ஜூன் மாதம் இப்படித்தான். ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டுத் தூங்கவைத்தேன்.

1896ல் பக்கத்து ஓடையில் தங்கம் கிடைக்க, இரண்டே வருஷத்தில் சுமார் 30,000 பேர் குவிந்துவிட்டார்களாம். இப்போது 1,500 சொச்சம்தான். மரவீடுகள் சில ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அடிமண் என்றும் உறைந்தே கிடப்பது. வீட்டுச் சூடு பட்டு இளகினால் சாயாமல் என்ன செய்யும்?

ஆற்றுக்குப் பாலம் கிடையாது. கோடையில் கார்களையும் ஏற்றிச் செல்லும் இலவசப் படகு. குளிர்காலத்தில் உறைந்த ஆறே சாலை! நடுவில் சில வாரங்கள் இரண்டும் இல்லை. கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் இக்கரையில். 2016 குளிர்காலத்திலோ ஊருக்கெதிரே ஆறு சரியாக உறையவே இல்லை.

படகில் கைக்குழந்தையோடு வந்த அக்கரைப் பெண்ணிடம், "குழந்தைக்கு ஜுரம் வந்தால்?" என்றேன்.

"அக்டோபருக்குள் மாவு, பால்பவுடர், மருந்து எல்லாம் சேர்த்துடுவேன். அப்புறம் ஆற்றைப் பார்த்துண்டு உட்கார்ந்திருப்பேன்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.