பதினான்கு பேர், ஒரு படகு

வைக்கம் போகலாம் என்று முதலில் சொன்னது எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர்தான். மற்றவர்கள் வேளாங்கண்ணி, குற்றாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். "காலையில போயி ராத்திரி வந்திரலாம், போட்டுல வேற ஏறலாம்" என்றதும் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். வைக்கத்தில் என்ன இருக்கிறது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் வெளியே போவதற்குப் பெண்கள் செய்யும் ஏற்பாட்டை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகும். மூன்று வேளைக்கும் சமைத்து வைத்தவர்கள், மாமியாருக்கு மாத்திரையைப் பொட்டலம் பொட்டலமாக மடித்து வேளை எழுதி வைத்தவர்கள், கடைசி நிமிடம் வரை வீட்டில் சொல்லாமலே வைத்திருந்தவர்கள். வண்டி நாகர்கோவிலில் கிளம்பியபோது இரவு இரண்டு மணி. பதினான்கு பேர். ஆலப்புழை தாண்டும் வரை ஒருத்தியும் ஒழுங்காகத் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் ஆண்கள் நிறுத்திக்கொள்ள எத்தனையோ மரத்தடி உண்டு.

சேர்த்தலையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் தவணக்கடவு. வேம்பநாட்டுக் காயலின் இந்தக் கரை. எதிர்க்கரை வைக்கம். கால்மணி நேரப் பயணம், டிக்கெட் ஒரு சாயா விலைதான். இந்தியாவின் முதல் சூரிய மின்படகு 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கியது இந்தத் தடத்தில்தான். பெயர் ஆதித்யா. 75 பேர் உட்காரலாம். கூரை முழுக்கச் சோலார் தகடு. டீசல் புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை.

எல்லோரும் ஏறினோம். எங்களில் மீன் விற்கும் அக்கா மட்டும் துறையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

அக்கா கடற்கரைக்காரர். முப்பது வருடமாகத் தலையில் மீன் சுமப்பவர். பயப்படுகிறாரோ என்று கையை நீட்டினேன். "பயம் ஒண்ணும் இல்ல மக்கா. எந்தக் காலை முதல்ல வைக்கணும்னு பாத்தேன்" என்றார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்பா, புருஷன், இரண்டு மகன்கள் என எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். ஆனால் அக்கா இதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. "பொம்பள வள்ளத்துல ஏறப்பிடாது. ஏறினா மீன் படாதுன்னு சொல்லுவாங்க. கரையில கெடக்கியதைத் தாண்டவும் விடமாட்டாங்க."

குழுவின் கணக்கு நோட்டை எழுதுபவள் நான். மகன் வள்ளத்துக்கு எஞ்சின் வாங்கிய கடன் யார் பெயரில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் அதைக் கட்டுவது யார் என்றும் தெரியும். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய எஞ்சின் கடலுக்குப் போகலாம், அவர் போகக்கூடாது.

படகில் டீச்சர் வைக்கத்துக் கதையைத் தொடங்கினார். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் நடக்கக்கூடாது என்றிருந்த தடையை எதிர்த்து 1924 மார்ச் 30இல் சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்தார், இருமுறை சிறை சென்றார். நாகம்மையாரும் கண்ணம்மாளும் வந்தார்கள். பெரியார் சிறையில் இருந்த நாட்களிலும் நாகம்மையார் பெண்களைச் சேர்த்துக்கொண்டு போராட்டத்தில் நின்றார். பள்ளிக்கூடப் பாடத்தில் 'வைக்கம் வீரர்' உண்டு. நாகம்மையாரின் பெயரை நான் கேள்விப்பட்டது கல்லூரி முடித்த பிறகுதான்.

"இதுல நமக்கும் பங்குண்டு" என்றார் டீச்சர். அந்த வருடம் நவம்பரில் கோட்டாற்றிலிருந்து டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் ஓர் ஊர்வலம் திருவனந்தபுரத்துக்கு நடந்தே போனது. வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் இன்னொன்று வந்தது. தெருவைத் திறந்துவிடச் சொல்லி இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாதி இந்துக்கள் கையெழுத்திட்ட மனுவை மகாராணி சேது லட்சுமி பாயிடம் கொடுத்தார்கள். எங்கள் ஊர் அப்போது திருவிதாங்கூர். 1956இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம்.

"கோட்டாத்துச் சந்தையிலதான் நான் மீன் விக்கியேன். ஒருத்தரும் சொல்லலியே" என்றார் அக்கா.

இறங்கி, கோயில் தெருக்களில் சும்மா நடந்தோம். போராட்டம் 1925 நவம்பரில் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை. கோயிலுக்குள் போக 1936 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெரியார் நினைவகம் புதுப்பிக்கப்பட்டு 2024 டிசம்பரில் திறந்திருக்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து கொண்டுபோன முந்திரிக்கொத்தைத் தின்றுகொண்டே பேச்சு தோள்சீலைப் போராட்டத்துக்குப் போனது. எங்கள் மாவட்டத்தில் அது இல்லாமல் எந்தப் பேச்சும் முடியாது. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் ஏறக்குறைய நாற்பது வருடம் அடியும் உதையும் பட்டார்கள். 1859 ஜூலையில் மகாராஜாவின் உத்தரவு வந்தது. குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவதுபோலக் கட்டிக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக்கூடாது.

டீச்சர் இதைச் சொல்லி முடித்ததும் அக்கா தன் சேலையைக் குனிந்து பார்த்தார். "அப்ப எங்களப் பாத்துத்தான் அளவு வச்சிருக்கான்." எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் பஸ்ஸுல அளவு வச்சித்தானே ஏத்துறான்" என்றார்.

யாரும் விளக்கம் கேட்கவில்லை. 2021 டிசம்பரில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை, நாற்றம் அடிக்கிறது என்று குளச்சலில் அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் நின்று அவர் குரலெழுப்பிய வீடியோவை நாடே பார்த்தது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. டிக்கெட் இலவசமாகிவிட்டது, ஏறும் உரிமை வேறு கணக்கில் இருக்கிறது போலும். 1924இல் தெருவில் கயிறோ வேலியோ கட்டினார்கள், கண்ணுக்குத் தெரிந்தது. மீன் வாசனைக்குக் கட்டும் வேலியை, இறங்கச் சொல்லும்போதுதான் பார்க்க முடிகிறது. வாசனை வீட்டுக்குள் குழம்பாக வந்தால் மட்டும் எல்லோருக்கும் இஷ்டம்.

திரும்பும் படகில் அக்கா தயங்கவே இல்லை. முதல் ஆளாக ஏறி, முன்பக்கம் போய் நின்றுகொண்டார். படகு ஊழியரிடம் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக ஒரே விசாரணை. மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர் பிடிக்கும்? மண்ணெண்ணெயே வேண்டாமா? மழைக்காலத்தில் எப்படி ஓடும்? ஒரு பேட்டரி எத்தனை வருடம் வரும்? எங்கள் வள்ளத்துக்கு வைத்தால் என்ன செலவாகும்? அந்த மனிதர் சலிக்காமல் பதில் சொல்லிவிட்டு, "சேச்சிக்கு வள்ளம் உண்டோ?" என்று கேட்டார்.

"உண்டு" என்றார் அக்கா. மகனுடையது, புருஷனுடையது என்று எதுவும் சேர்க்கவில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் தவணைப் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது, மகனிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். "கேட்டேன். ஆளுக என்ன சொல்லுவாங்கம்மான்னு சிணுங்குதான்." நான் நோட்டில் எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, வரியைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஏழு தவணை இருக்கு. அது முடியதுக்கு முந்தி ஒருநாள் ஏறிருவேன், கேட்டியா."