தொட்டியோட குழிக்குள்ள!

நீங்க வாடகை வீட்டுப் பார்ட்டியா? அப்ப இந்த மேட்டர் உங்களுக்குத்தான்.

ஃபைனல் இயர் வர்றதுக்குள்ள நான் பார்த்துட்ட வீடுகள் அஞ்சு. பதினோரு மாச அக்ரிமென்ட், அப்புறம் 'பையனுக்குக் கல்யாணம், வீடு வேணும்' டயலாக். கட்டில், பீரோவை டெம்போல ஏத்திடலாம். அம்மா வெச்ச செடிகளை? மூணாவது வீட்டுல ஒரு பவழமல்லி, என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. 'தரையில வெச்சது தரைக்குத்தான்'னுட்டார் ஹவுஸ் ஓனர். அம்மா ஒரு வார்த்தை பேசலை. ரெண்டு வருஷம் எந்தச் செடியும் வாங்கவும் இல்லை.

இப்ப வீட்டு வாசல்ல எட்டடிக்கு மூணடியில ஒரு பாத்தி. பார்க்கறவங்களுக்கு எல்லாமே தரையில முளைச்ச மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணுகூட தரையில இல்லை. பதினாலும் மண் தொட்டி... கழுத்து வரைக்கும் குழிக்குள்ள!

குழிக்கு அடியில ரெண்டு கை ஜல்லி. இல்லேன்னா தண்ணி தேங்கி வேர் அழுகிடும். விளிம்பு மட்டும் ஒரு விரல்கடை மேல தெரியணும், மழைக்கு வெளி மண்ணு உள்ளே வழியாம இருக்க. அதைக் காய்ஞ்ச சருகு போட்டு மறைச்சுடலாம். மொட்டை மாடியில வேகற தொட்டியோட ஒப்பிட்டா, இது ஏ.சி. ரூம்! ஒரே தொல்லை... அடி ஓட்டை வழியா வேர் நைஸா தரைக்குள்ள இறங்கப் பார்க்கும். அதனால ரெண்டு வாரத்துக்கொரு தடவை அம்மா ஒவ்வொரு தொட்டியையும் அரை வட்டம் திருப்பி விடுவாங்க, பழைய டெலிபோனை டயல் பண்ற மாதிரி.

சாமந்தி பகல் குறையற மாசங்கள்லதான் மொட்டு வைக்கும். பூத்து ஓய்ஞ்சதும் தொட்டியோட தூக்கிக் கொல்லைக்கு அனுப்பிட்டு, அதே குழியில அதே சைஸ் தொட்டியில ரெடியா நிக்கற வாடாமல்லியை இறக்கிடுவாங்க. அஞ்சு நிமிஷ வேலை. 'நேத்து மஞ்சளாத்தானே இருந்துச்சு?'ன்னு பக்கத்து வீட்டு அக்கா ரொம்பவே குழம்பிட்டாங்க, பாவம்.

சித்திரையோட இந்த அக்ரிமென்ட்டும் முடியுது. அப்பாதான் டென்ஷனா திரியறார். அம்மா கூல்.

பவழமல்லி மட்டும் திரும்ப வைக்கலை. மரமாகற செடி, தொட்டிக்குள்ள எத்தனை நாள் அடங்கும்? நர்சரிக்குப் போனா அது இருக்கிற வரிசையில கொஞ்ச நேரம் நிப்பாங்க. விலை கேப்பாங்க. ஒரு ஜினியா நாத்து வாங்கிட்டு வந்துடுவாங்க.