பாயும் பாவும்

நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பா என்பது செய்யுள். தறியில் நீள ஓடும் இழைக்கும் அதுவே பெயர். யாப்பிலக்கண வகுப்பின் முதல் நாளில் இவ்விரு சொற்களையும் கரும்பலகையில் எழுதுவது நம் வழக்கம். செய்யுளின் வடிவ நுட்பத்தை மாணவர்க்கு விளக்கிவந்த நாம், எம் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்த மற்றொரு வடிவ நுட்பத்தை நெடுங்காலம் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வைத்தது ஒரு வெள்ளம்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் மறக்க இயலாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, ஸ்ரீவைகுண்டம் தீவாயிற்று. எம் இல்லத்துள்ளும் நீர் புகுந்தது. வடிந்தபின் பார்த்தால், தவணையில் வாங்கிய மெத்தை சேறுண்டு நாறியது. புத்தக அலமாரி உப்பிப் பிளந்திருந்தது. இரண்டையும் தெருவில் எறிந்தோம். கட்டிலுக்கடியில் கிடந்த பழம்பாயையும் எடுத்துச் சென்றபோது உம்மா தடுத்தார்கள்.

"அத எறிஞ்சிராத வாப்பா. அலசி வெயில்ல போடு. ஆத்துத் தண்ணியில ஊறிப் பொறந்த சாமானுக்குத் தண்ணியால என்ன கேடு?"

அது அவர்களின் நிக்காஹ் பாய். மணமக்கள் பெயர் இழைத்து நெய்த பத்தமடைப் பாய். அலசி, வெயிலில் உலர்த்தினோம். சாயம் மங்கியது, பெயர்கள் அழியவில்லை.

அதன்பின் பத்தமடைக்குச் சென்று நெய்வோரைக் கண்டோம். அங்கு இக்கலையை வழிவழியாகக் காத்துவருவோர் முஸ்லிம் குடும்பத்தாரே; பெண்டிர் பங்கு பெரிது. கோரையைக் கீறி உலர்த்துகின்றனர். ஓடும் நீரில் பல நாள் ஊறவைக்கின்றனர். அது பருத்தபின் மீண்டும் மெல்லிய இழைகளாகக் கிழித்து, பருத்திப் பாவில் ஊடாகக் கோக்கின்றனர். பாவின் இழைகள் நூற்றைத் தாண்டும் உயர்வகைப் பாய், பட்டுத்துணி போல் மடியும்.

அழகு மேலே பூசப்படுவதன்று. பயனோடு பின்னி நெய்யப்படுவது என்பதை அங்கு உணர்ந்தோம். கோரை கோடையில் உடலுக்குக் குளிர்ச்சி தருகிறது. விரித்தால் படுக்கை, சுருட்டினால் மூலையில் ஒரு சாண் இடம். ஒற்றையறை வீட்டையே விருந்தறையாகவும் பள்ளியாகவும் பள்ளியறையாகவும் மாற்றவல்லது இப்பாய். அது பண்பாட்டையும் வளர்த்திருக்கிறது. வந்தவர்க்குப் பாய் விரித்த பின்பே நலம் கேட்பது நம் முன்னோர் மரபு. நாற்காலியில் உயர்வு தாழ்வு உண்டு, பாயில் இல்லை. செல்வரும் வறியவரும் தோளோடு தோள் உரசித் தொழுவதும் பாயின் மீதுதான். எம்மவரைப் 'பாய்' என்றழைக்கும் சொல், உடன்பிறந்தாரைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது. மூலம் வேறாயினும், நெய்த பாயிலும் அவ்வுடன்பிறப்பு உண்டு.

இங்கு நம் குற்றம் ஒன்றையும் மறையாது கூறவேண்டும். மகளின் திருமணத்திற்கென ஒரு பாய்க்கு விலை கேட்டோம். சொன்ன விலையைக் கேட்டு மலைத்துப் பேரம் பேசினோம். தறியிலிருந்த மூதாட்டியார் தலை நிமிராமலே, "எத்தன நாள் நெசவுன்னு கேட்டுட்டு வெலையக் கேளுங்க தம்பி" என்றார். கேட்டோம். நாள்கூலியாகக் கணக்கிட்டபோது, வெள்ளத்தில் எறிந்த மெத்தைக்குத் தயங்காது கட்டிய தவணைகள் நினைவுக்கு வந்து நாணினோம். சொன்ன விலையையே கொடுத்தோம்.

1953-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்குப் பரிசாகச் சென்ற பெருமை பத்தமடைப் பாய்க்கு உண்டு. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆயினும் நம் வீடுகளில் பிளாஸ்டிக் பாயே விரிந்து கிடக்கிறது. பெருமை பேசுவதால் மட்டும் ஒரு கலை வாழாது. அன்றாடம் பயன்பட்டாலே வாழும். பாடப்பெறாத பாவும் விரிக்கப்பெறாத பாயும் ஒன்றே.

இப்போது எம் கூடத்தில் உம்மாவின் பாய்தான் விரிக்கப்படுகிறது. வருவோர் அதில் அமர்ந்து, மங்கிய அவ்விரு பெயர்களையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள்.