சூடேறிப் பாடிய பெட்டி

மட்டக்களப்பில், கல்லடி உப்போடை வீட்டில் மாமாவின் றேடியோ சாமிப் படத்துக்குக் கீழே இருந்தது. குமிழைத் திருப்பிய உடனே அது வாய் திறக்காது. "பொறு மனே, சூடேறட்டும். மறுகா பாடும்" என்பார். பின்பக்கத்து மட்டை ஓட்டையில் கண்ணை வைத்தால், வால்வுகள் குப்பிவிளக்குத் திரிபோலச் சிவந்து வருவது தெரியும். சுட்ட தூசி மணக்கும். பிறகு, ஒழுங்கை முனையிலிருந்து நடந்து வருவதுபோல இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் கிட்ட வரும்.

அந்தக் குரலில் ஓர் இளஞ்சூடு இருந்தது. அது எப்படி வந்ததென்று எனக்கு விளங்கியது வெகுகாலம் கழித்துத்தான். இளங்காது 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும். மத்திய அலையிலோ ஏறத்தாழ 5,000க்கு மேல் ஒன்றும் வீடு வந்து சேராது. எஞ்சிய கூர்முனையை ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு மழுக்கிவிடும். பலகைப் பெட்டி கீழ்க்குரலோடு தானும் அதிர்ந்து அதைப் பருமனாக்கும். வால்வும் தன் பங்குக்கு ஒவ்வொரு சுரத்தோடும் அதன் மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் கலந்துவிடும். நாங்கள் இனிமை என்று கொண்டாடியதில் பாதி குறை, பாதி கலப்படம்.

வைகாசிக் குளுத்தித் திருவிழாவுக்குக் கண்ணகி அம்மன் கோயில் மரத்தில் கட்டும் புனல் ஸ்பீக்கர் நேர் எதிர். கீழ்க்குரல் அதில் தங்காது. நடுக்குரல் மட்டும் ஊசியாகி வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போகும். வீட்டில் கேட்ட அதே பாட்டு, அங்கே அதட்டலாக இருக்கும்.

முழுநிலவில் மாமா தோணியில் கூட்டிப்போவார். 1924இல் திறந்த கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரில் இறக்கி, மறுநுனியை என் காதில் வைப்பார். வாவியின் பாடும் மீன்களின் பாட்டு, ஈரக் கண்ணாடி விளிம்பை விரலால் தேய்ப்பதுபோல மரத்துக்குள்ளால் ஏறி வரும். காதை எடுத்தால் வெறும் காற்று.

1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் கூரையைக் கொண்டுபோனது. விடிய, றேடியோ மழையில் ஊறிக் கிடந்தது. மாமா அதை நாட்கணக்கில் வெயிலில் வைத்தார். கரண்ட் திரும்பிய நாளில் வால்வு சிவந்தது, குரலும் வந்தது. ஆனால் நனைந்து கோணிய கூம்பு, தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் கரகரத்தது. "சளி பிடிச்சிட்டு" என்று குமிழைத் திருப்பி நிறுத்தினார். மறுபடி அதைத் தொடவில்லை.

இப்போது கைபேசி தொட்ட கணமே பாடுகிறது. பாடகர் மூச்செடுப்பதுகூடக் கேட்கிறது. எனக்கு மட்டும், பாட்டைத் தொட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.