மருமகன் இன்ஜினை விற்ற கணக்கு



ராஜபாளையத்தில் என் தங்கை வீட்டுக் கொட்டகையில் இருந்த கார் இன்ஜின் போன வாரம் விலையாகிவிட்டது. "ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன் ஒன்றே முக்கால் லட்சம் தர்றேன்னு நின்னானாமே, ஏன் சார் கொடுக்கலை?" என்று பலர் போனில் கேட்டீர்கள். ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட எல்லாருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அது மாருதி எஸ்டீம் காரின் 1.3 லிட்டர் இன்ஜின். சிலிண்டரின் விட்டம் 74 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மி.மீ. நான் நடத்திய உருளையின் கன அளவு ஞாபகம் இருந்தால் போட்டுப் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1298 சி.சி. வரும். மருமகன் அரை மி.மீ. போரிங் செய்து பெரிய பிஸ்டன் போட்டிருந்தான். அப்போது 1316 சி.சி. இவ்வளவு பாடுபட்டு வெறும் 18 சி.சி.தானா என்பீர்கள். பலம் அதில் மட்டும் இல்லை. ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டியிருந்தான். வால்வுகளைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்ட் போட்டிருந்தான். புகைக்குழாயையும் மாற்றியிருந்தான்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் எஸ்டீம்கள் ஓடியதைப் பார்த்து ஆசைப்பட்டவன் அவன். கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய கதையை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மில்லில் ஷிப்ட் முடித்து வந்து, ஆறு வருஷம் இரவில் உட்கார்ந்து இதைச் செய்தான். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஜூனுக்குள் பணம் கட்ட வேண்டும். விற்றுவிடலாம் என்று அவனே சொன்னான். மற்றவர்கள் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முதலில் வந்தவன்தான் அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன். வயது இருபத்தொன்று. என்னிடம் படித்த ஒருவரின் மகன். அப்பாவின் பழைய எஸ்டீமில் இதை மாட்டி மதுரை ரோட்டில் ஓட்ட வேண்டுமாம். பேரமே பேசவில்லை. மருமகன் என்னைப் பார்த்து, "மாமா, நீங்க சொல்றபடி செய்றேன்" என்றான்.

நான் பையனை உட்காரவைத்துப் பேசினேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே. பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பர் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், விபத்து நடந்த அன்று இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

சட்டத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. அவன் வண்டியில் இருப்பதோ பழைய பிரேக். "தம்பி, உங்க ஊர் ஆடிப்பூரத் தேரை இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வரும். ஆனா சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடத் தெரிஞ்ச ஆள் வராம வடத்தைத் தொட விடுவாங்களா?" என்றேன். "காசு கொடுக்கிறவன் நான் சார்" என்று எழுந்து போய்விட்டான்.

தங்கைக்குக் கோபம். "அண்ணே, பிள்ளை பீஸுக்கு உன் தேர்க் கதையா வந்து நிக்கும்?" அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மூன்று நாள் அந்த வீட்டில் எனக்குக் காபி மட்டும்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

பிறகு கோவையிலிருந்து ஒருவர் வந்தார். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடும் கார்களைத் தயார் செய்பவர். கேஜ் வைத்து நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார். நான்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இரண்டாவது சிலிண்டரில் ஒருமுறை வால்வு வளைந்து மாற்றியதை மருமகனே சொன்னான். அதற்கு ஐயாயிரம் குறைத்துக்கொண்டு 1,35,000 கொடுத்தார். எந்த பாகம் எப்போது மாற்றியது என்று மருமகன் எழுதி வைத்திருந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். இன்ஜினைக் கொடுக்கும்போது கலங்காதவன், நோட்டைக் கொடுக்கும்போது கொஞ்சம் தயங்கினான்.

பந்தய சீட்டும் அலாய் வீல்களும் தனியாக 18,000க்குப் போயின. கழற்றி வைத்திருந்த பழைய கேம் ஷாஃப்ட், ஹெட், புகைக்குழாய் எல்லாம் துணி சுற்றிப் பத்திரமாக இருந்தன. அந்தப் பையனின் அப்பா மகனையும் அழைத்துக்கொண்டு வந்து, அவற்றை 14,000க்கு எடுத்துப் போனார். அவர்கள் வண்டிக்குத் தேவைப்பட்டதே அவைதான். மொத்தம் 1,67,000. பையன் தருவதாகச் சொன்னதைவிட 8,000 குறைவு. கல்லூரிப் பணம் கட்டியாகிவிட்டது. தங்கையும் பேசிவிட்டாள்.

இதுபோல விற்க நினைப்பவர்கள் மூன்றைச் செய்யுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கடாசாதீர்கள். செய்த வேலையைத் தேதியோடு எழுதி வையுங்கள். வாங்குபவர் எங்கே ஓட்டப் போகிறார் என்று கேளுங்கள்.

விரிசல் விட்ட பழைய பிளாக் ஒன்று இன்னும் கொட்டகையில் கிடக்கிறது. ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ பாடம் நடத்தும் என் மாணவர் யாராவது இருந்தால், வெட்டிக் காட்டிப் பாடம் நடத்த எடுத்துப் போகலாம். காசு வேண்டாம். வண்டியோடு ஆளையும் கூட்டி வாருங்கள், கனம் அதிகம்.